உள்ளே இருப்பவரின் சாவி

"என் ஷிஃப்டுல என்னங்க மேடம் குறை? அதை மட்டும் சொல்லிருங்க."

நாச்சிமுத்து செய்முறை நோட்டை மேசைமேல் வைத்தான். கொஞ்சம் ஓங்கியே வைத்தான்.

பியூலா மேடம் நோட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

மணி ஒன்பது. பன்னிரண்டுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். நோட்டில் மேடத்தின் கையெழுத்து இருந்தால்தான் மார்க் போடுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்து மூன்று. நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையில் பதினெட்டு வருஷம் மிஷின் ஓட்டியவன். அவனைவிடச் சின்னவர்கள் டிகிரியோடு வந்து மேனேஜர் நாற்காலியில் உட்காருவார்கள். எது என்ன மிஷின் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவன்தான். வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே? இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். டிகிரியை முடித்துக்கொண்டு வா, நாற்காலி உனக்கு. முடிக்கவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பார்த்தும் வைத்துவிட்டார். இன்றைக்குத் தேறினால் திங்கட்கிழமை நாச்சிமுத்து மேனேஜர். தேறாவிட்டால் அந்த வேற்றாள்.

அவன் சேர்ந்த கல்லூரியில் காலையில் மேலாண்மை, மத்தியானம் ஸ்பேனர். இரண்டும் சேர்ந்த படிப்பு. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சின்னத் தீவன ஆலை கட்டி வைத்திருந்தார்கள். மேலாண்மைக்கு ஒரு பேராசிரியர். ஆலைக்குப் பியூலா மேடம்.

மேடத்துக்கு முப்பத்தொன்று. தூத்துக்குடிக்காரர். ஆலைகளில் ஃபிட்டராக இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிற ஆள் இல்லை.

நாச்சிமுத்துவே பேசினான். அவன் பொறுப்பேற்ற ஷிஃப்டில்தான் உற்பத்தி அதிகம். மேலாண்மைப் பேராசிரியர் அவன் அறிக்கைக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டிருக்கிறார். அவன் அடித்து மாட்டிய சாவிப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட.

அந்தப் பலகையின் கதை இது.

ஆலையில் ஒரு மிக்ஸர் உண்டு. வீட்டு மிக்ஸி இல்லை. பத்தடி நீளத்துக்கு இரும்புத் தொட்டி. நடுவில் ஒரு தண்டு. தண்டைச் சுற்றி அகலமான இரும்புப் பட்டைகள். ஒரு சரக்கு முடிந்து இன்னொரு சரக்கு போடும் முன், அடியில் ஒட்டியதை ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும்.

இறங்குகிறவர் முதலில் சுவிட்சை அணைப்பார். சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போடுவார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். யார் பூட்டோ அவர்தான் திறக்க வேண்டும். முதல் வாரத்தில் மேடம் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

போன மாதக் கடைசியில் மேடம் பத்து நாள் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கவின் என்கிற மாணவன் சுரண்டி முடித்து, பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு சாப்பிடப் போய்விட்டான். மிஷின் நாற்பது நிமிஷம் நின்றது. நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பலகை வந்தது. பூட்டு அவரவருடையது, சாவி ஆபீஸ் பலகையில். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் வெளியே வந்ததாக இருந்தால், பொறுப்பில் இருக்கிறவர் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கலாம். பிறகு மணி அடித்து, பத்து எண்ணி, மிஷினைப் போடலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டினான்.

நாற்பது நிமிஷம் நான்கு நிமிஷமானது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான்.

மேடம் நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினார். காலையில் வந்ததும் பலகையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். நோட்டைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினார்.

"குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். சொல்லாம இப்படி நிறுத்துனா எப்படிங்க மேடம்? என் பொழப்புங்க இது."

மேடம் எழுந்தார்.

"நீங்க எழுதி ஒட்டியிருக்கியள்ல அண்ணே, அதும்படி ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

"இப்பவேங்களா? காட்டறேன்."

"ஆபீஸ்ல நீங்க இருக்க வேண்டாம். உள்ள போங்க."

நாச்சிமுத்து சிரித்தே விட்டான். பதினெட்டு வருஷம் சுரண்டாத மிக்ஸரா? இதற்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டான்.

பத்து இருபதுக்கு உள்ளே இறங்க வேண்டியது கவின். பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டு நாச்சிமுத்து தன் பெயரை எழுதினான். ஆபீஸ் பொறுப்பை மேடம் தர்ஷிணியிடம் கொடுத்தார். பத்தொன்பது வயதுப் பெண். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அந்த ஷிஃப்டிலேயே அவளைத்தான் நாச்சிமுத்துவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவன் சுவிட்சை அணைத்தான். தன் பூட்டைப் போட்டான். சாவியைக் கொண்டுபோய்ப் பலகையில் தன் பெயருக்குக் கீழே மாட்டினான். மேடம் ஆபீசின் பின்கதவு வழியாக எங்கேயோ போய்விட்டு வந்தார். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

இறங்கினான்.

கரும்புப்பாகு ஊற்றிய மாட்டுத்தீவனம் ஓடிய தொட்டி. அடிமண்டி கல்லாகப் பிடித்திருந்தது. இறங்குகிற வாய் இந்தக் கோடியில். ஒட்டுப் பிடித்திருந்தது அந்தக் கோடியில். தண்டுக்கு அடியில் குனிந்து, பட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, தவழ்ந்துதான் போக வேண்டும். திட்டத்தில் இருபத்தைந்து நிமிஷம் என்று எழுதியபோது அவன் கவின் வயசுப் பிள்ளைகளை வைத்து எழுதினான். தன் முட்டியை வைத்து எழுதவில்லை.

சுரண்டினான். பக்கத்தில் அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் தொட்டியே அதிர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நேரம் தெரியவில்லை.

கடைசி மூலைக்கு வந்தபோது ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். டக்.

காதில் விழவில்லை, இரும்பு வழியாக உள்ளங்கையில் ஏறியது. சுவிட்சில் பூட்டு திறக்கிற சத்தம். பதினெட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த சத்தம்.

இன்னொருவர் பூட்டாக இருக்கும் என்று நினைத்தான். சுவிட்சில் இருந்தது ஒரே பூட்டு.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"தர்ஷிணி! உள்ள இருக்கேன்!"

அரவை மிஷின் அதை விழுங்கிவிட்டது. மறுபடி கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்கே அவன் குரல் கேட்கவில்லை.

மணி அடித்தது.

மணி அடித்தால் பத்து எண்ண வேண்டும். பத்து போதும் என்று முடிவு செய்ததும் அவன்தான். வெளியே நின்றுகொண்டு எண்ணிப் பார்த்து முடிவு செய்தான்.

ஒன்று. இரண்டு.

சுரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினான். தோள் ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டது.

மூன்று. நான்கு.

சட்டையைக் கிழித்துக்கொண்டு விடுபட்டான். தண்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தான். வாய் இன்னும் எட்டடி தள்ளி இருந்தது.

ஆறு.

பெண்டாட்டி முகம் வந்தது. மகள் முகம் வரவில்லை, எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஐயோ என்றிருந்தது.

எட்டு. ஒன்பது.

இனி எட்டாது என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். முப்பது குதிரைத்திறன் மோட்டாரை மனுஷன் பிடித்து நிறுத்த முடியுமா? பிடித்துக்கொண்டான்.

பத்து.

மிஷினை ஓட்டும் பொத்தான் அமுங்கியது. அதுவும் உள்ளங்கையில் ஏறியது.

தண்டு சுற்றவில்லை.

மறுபடி பொத்தான். மறுபடி. தண்டு அப்படியே நின்றது.

அவன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. வாய் விளிம்பில் கை வைத்துத் தலையைத் தூக்கியபோது, தர்ஷிணி பொத்தானில் விரலோடு மேடத்தின் பக்கம் திரும்பி, மிஷின் எடுக்க மாட்டேங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் முன் அவனைப் பார்த்துவிட்டாள்.

வெள்ளைச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அழக்கூட வரவில்லை அவளுக்கு.

மேடம் அவள் பக்கத்தில் முட்டி போட்டார். முந்தானையை விரித்துக் காட்டினார். உள்ளே மிக்ஸருக்கான மூன்று ஃபியூஸ் கட்டைகள். நாச்சிமுத்து இறங்கும் முன்பே மெயின் போர்டில் இருந்து பிடுங்கி, அந்தப் பெட்டிக்குத் தன் பூட்டையும் போட்டிருந்தார். அதன் சாவி அவர் கைக்குள் இருந்தது.

"ஓடாதும்மா. ஓடியிருக்காது. உன்ட்ட சொல்லாமச் செஞ்சிட்டேன், தப்புதான். என்னைய மன்னிச்சிரு."

தர்ஷிணி அவரைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க வெளிய வந்துட்டீங்கன்னு எழுதியிருந்துச்சுங்ணா."

அவன் பதிவேட்டை எடுத்தான்.

பத்து இருபது, உள்ளே. பத்து நாற்பத்தைந்து, வெளியே. முத்து முத்தான எழுத்து. அவன் எழுத்து.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தேழு.

ஊர் உலகத்தில் நடக்காத காரியமா? தேர்வாளர் வரும்போது கட்டங்கள் காலியாக இருக்கக் கூடாது என்று, காலை எட்டு மணிக்கே சாயங்காலம் வரைக்கும் எழுதி வைத்திருந்தான். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். திட்டத்தில் இருபத்தைந்து நிமிஷம் என்றால் எல்லோருக்கும் இருபத்தைந்து நிமிஷம். கவினின் பெயரை அடித்துத் தன் பெயரைப் போட்டபோதும் நேரத்தை அவன் பார்க்கவில்லை.

அடுத்த வரியைப் படித்தான்.

பன்னிரண்டு பத்து, தர்ஷிணி, உள்ளே. பன்னிரண்டு முப்பத்தைந்து, தர்ஷிணி, வெளியே.

தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் இருந்தபோது வராத பயம் இப்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு நாச்சிமுத்து ஆபீசுக்குள் போனான். பலகையில் இருந்த சாவிகளை எல்லாம் எடுத்தான். மேசை டிராயரில் மாற்றுச் சாவிகள் இருந்தன, அவற்றையும் எடுத்தான். கவின், தர்ஷிணி, ஷிஃப்டில் இருந்த மற்ற இரண்டு பேர், ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் சாவி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டான்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தான். பதிவேட்டில் அன்றைய வரிகள் அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடித்தான். கையெழுத்தைப் பற்றி மேடத்திடம் கேட்கவில்லை. மேடமும் நோட்டைத் தொடவில்லை, ஃபியூஸ் கட்டைகளைத் திரும்ப மாட்டினார், அடுத்த சரக்கு ஓடியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பே தேர்வாளர் வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அறிக்கையைப் படித்துவிட்டே வந்திருந்தார். நாற்பது நிமிஷத்தை நாலு நிமிஷமாக்கிய ஆள் நீங்கள்தானா என்று கையைக் குலுக்கினார். கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

நோட்டைப் புரட்டியவர் வெள்ளை இடத்தில் நின்றார். மேடத்தைப் பார்த்தார்.

ஷிஃப்ட் முடியட்டும், போடுவதா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன் என்றார் மேடம்.

தேர்வாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டு பத்துக்குத் தர்ஷிணி மிக்ஸர் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நாச்சிமுத்து தானே இறங்குகிறேன் என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சுவிட்சை அணைத்தாள். பூட்டைப் போட்டாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டு சாவியையும் பேன்ட் பைக்குள் ஆழமாகத் திணித்தாள்.

"யாரு கேட்டாலும் குடுக்காத கண்ணு," என்றான் அவன் மெல்ல. "நான் கேட்டாலும்."

அரவை மிஷினை நிறுத்திய பிறகு அவள் இறங்கினாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்து ஆனது. அவள் வரவில்லை. நாச்சிமுத்து வாயருகே போய்க் குனிந்தான். இன்னும் பாதிக்கு மேல் பாக்கி என்று சத்தம் வந்தது. மெதுவாகச் செய் என்றான்.

பன்னிரண்டு ஐம்பது. தேர்வாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். அறிக்கையைப் புரட்டினார். இருபத்தைந்து நிமிஷம் என்றல்லவா போட்டிருக்கிறது என்றார்.

எழுதினது தப்புங்க என்றான் நாச்சிமுத்து.

ஒன்று ஐந்து. அடுத்த சரக்கு மூட்டை மூட்டையாக வந்து நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். பொறுமையாகத்தான் கேட்டார், சுரண்டினது போதாதா, அந்தப் பெண்ணை மேலே வரச் சொன்னால் என்ன என்று.

நாச்சிமுத்து மறுபடி குனிந்து கேட்டான். இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றாள் உள்ளே இருந்தவள். முன்னைவிடக் குரல் தெளிவாக இருந்தது.

பத்து நிமிஷமாமுங்க என்று வந்து சொன்னான்.

தேர்வாளர் எழுந்தே விட்டார். சாவி எங்கே என்றார். உள்ளே இருக்கிறவளிடம் என்றான். மாற்றுச் சாவி என்றார். அதுவும் அவளிடம் என்றான். அவர் பலகையைப் பார்த்தார். வெறும் கொக்கிகளும் பெயர்களுமாக இருந்தது. அறிக்கையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

அவர் தாளில் என்னவோ எழுத ஆரம்பித்தார். நாச்சிமுத்து அந்தப் பேனாவையே பார்த்தான். மூன்று வருஷம். திங்கட்கிழமை. அந்த நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்து, இது என்ன மிஷின் அண்ணா என்று தன்னிடமே கேட்கப் போகிறான். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை அதட்டினால் போதும், அந்தப் பிள்ளை பயந்துகொண்டு மேலே வந்துவிடும். அதுவும் தெரிந்தது.

மேடம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தேர்வாளர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஒரு டிரெய்னிப் பொண்ணு சொன்னாத்தான் மிஷின் ஓடும்னா, இந்த ஆலைக்கு மேனேஜர் யாருங்க?"

நாச்சிமுத்து மிக்ஸர் பக்கம் திரும்பினான். உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"இப்போதைக்கு அந்தப் புள்ளைதானுங்க."